இரண்டடி

எங்கள் பக்கம் ஹெல்மெட்
முத்திரைச் சந்திப் பொலிசுக்காகப் போடுவது.
சந்தி தாண்டினால் கைப்பிடியில் தொங்கும்.
ஒருகாலம்,
முகம் மூடிய ஹெல்மெட் ஒழுங்கைக்குள் திரும்பினால்
லைட்டை நூர்த்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தோம்.
அது இப்போது வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்து றொக்சன் எடுக்கிறான்,
தங்கச்சியின் மூத்தவன்.
இங்கே விடியப்புறம் மூன்று மணி.
பாசையூர்க் கரையில் எஞ்சின்கள் இருமத் தொடங்குகின்றன.
"மாமா, நீங்கள் ரெஃபரிதானே. இதைப் பாருங்கோ."

காசுக்கு ஆடுகிற பெரிய லீக்.
ஒருத்தன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறான்,
எதிரே ஒருத்தன்.
ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும்.
மீன் ஐஸ்பெட்டியின் மூடி
காற்றில் அடிபட்டதுபோல ஒரு சத்தம்.
மஞ்சள் துணி விழவில்லை.
விழுந்தவன் எழும்பவில்லை.

"சரியோ மாமா, பிழையோ?"

இருபத்தாறு வருசம் விசில் ஊதினவன் நான்,
காலால் அடிக்கிற கால்பந்துக்கு.
கையில் காவிக்கொண்டு ஓடுவதற்கு
ஏன் அந்தப் பேர் என்று இன்றுவரை விளங்கவில்லை.
என்றாலும் சட்டப்புத்தகம் என்றால் எனக்கொரு விசர்.
அவன் அனுப்பியதை விரல் வைத்து வாசித்தேன்.

பிடிக்கவென்று அந்தரத்தில் எழும்பினவனின்
தலையைத் தொடக்கூடாது.
எறிய நிற்பவனையும் அப்படியே.
அவர்களுக்குப் பேர் பாதுகாப்பற்றவர்கள்.
பிடித்து, நிலத்தில் கால் பதித்து,
இரண்டடி ஓடி,
வருகிறவனைக் காண நேரம் கிடைத்துவிட்டால்
அந்தப் பேர் கழன்றுவிடும்.
பிறகு ஹெல்மெட் படலாம்,
இடித்தவன் தலையைக் குனிந்து
ஈட்டியாக்காத வரைக்கும்.
முன்வரிசைத் தடியர்கள் ஒவ்வொரு முறையும்
முட்டிக்கொள்கிறார்கள். அதை ஒருவரும் எண்ணுவதில்லை.

இரண்டடி.
ஒருவன் பாதுகாப்பற்றவன் இல்லை என்று ஆக
அவ்வளவு தூரம் போதுமாம்.
எந்தக் கோட்டுக்குள் நின்றால் உயிர் தப்பலாம் என்று
எங்களுக்கும் ஒருமுறை துண்டுப்பிரசுரம் போட்டார்கள்.

"சட்டப்படி சரி, றொக்சன்" என்றேன்.
"ரெண்டடி வச்சிட்டான்."
"அடியெண்டால் காலடியோ, மற்ற அடியோ?"
அவனுக்குத் தமிழ் அரைகுறை. எனக்குச் சிரிப்பு வந்தது.
அவனுக்கு வரவில்லை.
"அந்தப் பெடியன் இன்னும்
பள்ளிக்கூடம் வரேல்லை மாமா."
"எந்தப் பெடியன்?"

போன் சுழன்று சுழன்று
நின்றுவிட்டது.
வீடியோ பெரிய லீக்தான்.
அவன் கேட்டது அதைப்பற்றியில்லை.

எண்பது நிமிசம், ஒரு கோணர் அடி.
சில்வெஸ்தரும் மறுபக்கத்து பின்காவலனும்
ஒரே பந்துக்கு எழும்பினார்கள்.
இரண்டு பேரின் கண்ணும் பந்தில்.
நான் கை இரண்டையும் முன்னே நீட்டினேன்: விளையாடு.
சனம் கத்தியது.
லீக் கூட்டத்தில் என் அறிக்கையை
ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றார்கள்.

விடிந்ததும் பேக்கரிக்குப் போனேன்.
சில்வெஸ்தர் றோஸ்பாணைப் பேப்பரில் சுற்றித் தந்தான்.
"இந்தக் கிழமை எந்த மட்ச் மாஸ்ரர்?"
போன கிழமையும் கேட்டான்.
சற்று முன், நான் உள்ளே வரும்போதும் கேட்டான்.
மிச்சக் காசை மேசையில் பரப்பி
எண்ணுகிறான்,
விட்ட இடம் தெரியாமல்
திரும்ப முதலிலிருந்து.
பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

எனக்குத் தெரியும், கணக்குச் சரி.
முதல் தரமே சரி.
சொல்லாமல் நிற்கிறேன்.