வாயில் மூன்று

முப்பத்தொரு நாடுகளிலிருந்து
இதய மருத்துவர்கள் வருகிறார்கள்.
ஐந்து நாள் மாநாடு.
அவர்களுடைய இதயங்களுக்கு நான் பொறுப்பு.

ஹோட்டலின் ஏழாம் மாடியில்
ஜன்னலில்லாத அறை. நீண்ட மேசை.
அதன்மேல் கொழும்பு விரிந்து கிடக்கிறது
நான்கு நிறங்களில்.
சிவப்பு என்றால் போகவேண்டாம்.
நான் குடியிருக்கும் ஒழுங்கை சிவப்பு.
வரைபடத்தில் பார்க்கையில்
அங்கே ஓர் இடியப்பக் கடை இருப்பதை
நம்பவே முடியாது.

ஆபத்து ஆலோசகர் ஹென்ரிக்
குளிர்நாடொன்றிலிருந்து திங்கட்கிழமைதான் வந்தார்.
"இந்த நகரத்தில் உங்களை
மிகவும் பயமுறுத்துவது எது?"
பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.
நான்கு மணி மழை, என்றேன்.
வீதி நிறைந்த நேரத்தில் அதுவும் வந்தால்
அம்புலன்ஸ் கொள்ளுப்பிட்டிச் சந்தியைத் தாண்டாது.
பெரியாஸ்பத்திரிக்கு இரவில் பதினொரு நிமிஷம்,
பின்னேரம் முப்பத்தெட்டு.
மூன்று தரம் ஓட்டோவில் போய்
நானே நேரம் பிடித்தேன்.
அவர் பேனாவை மூடினார்.
வேறு பதிலை எதிர்பார்த்திருப்பார்.

வேறு பதிலும் என்னிடம் இருக்கிறது.
பதினெட்டு வயதில், வெள்ளவத்தை லொட்ஜில்,
பொலிஸ் பதிவுத் துண்டைத்
தலையணை உறைக்குள் வைத்துப் படுத்தேன்.
நள்ளிரவில் கதவு தட்டினால்
விளக்கைப் போட முதல் கை அதைத் தேடும்.
அது அவருடைய படிவத்தில்
எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது.
அதோடு, இப்போது
லொட்ஜுகளின் பட்டியலைத் தட்டச்சு செய்வது நான்.

காகங்களைப் பற்றியும் எழுதினேன்.
கூரைமேல் பூட்டிய உணர்கருவிகளை
விடிய ஐந்தரைக்கு எழுப்பிவிடுகின்றன.
மூன்று நாளாக ஹோட்டல் தாக்கப்படுகிறது,
காகங்களால்.

புதன்கிழமை ஒத்திகை.
யாராவது சந்தேக நபராக வேண்டும்.
மேசையைச் சுற்றிப் பார்த்தார்கள்.
ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை.
அந்த மரியாதையை நான் கவனித்தேன்.
நானே கையை உயர்த்தினேன்.

செங்கல் ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக்
கைப்பையின் அடியில் வைத்தார்கள்.
மேலே என் சாப்பாட்டுப் பெட்டி.
வாயில் மூன்று சமையற்கட்டுப் பக்கம்,
மீன் வண்டிகள் வரும் இடம்.

விமலசேன நின்றார்.
மொனராகலைக்காரர். பன்னிரண்டு மணிநேரக் கடமையில்
ஒன்பதாவது மணி.
கால் வீக்கத்துக்குச் சப்பாத்து நாடாவைத்
தளர்த்தி விட்டிருந்தார்.
என்னைக் கண்டதும் சோதனைத் தடியைக்
கக்கத்தில் செருகிக்கொண்டு
கதவைத் திறந்து பிடித்தார்.
பக்கத்தில் நின்ற புதுப் பெடியனுக்குச் சொன்னார்:
"அப்பே மிஸ் நே."

எங்கட மிஸ்தானே.

இந்த நகரத்தில் இருபத்தாறு வருஷம்.
ஒருவரும் என்னை
அந்தச் சொல்லுக்குள் வைத்ததில்லை.
செங்கல் கனத்தது.
சிரித்தேன். உள்ளே போனேன்.
நான்கு செக்கன்.

அறிக்கையை ஹென்ரிக் எனக்கே தந்தார்,
"நீங்கள்தானே அங்கே இருந்தீர்கள்."
வாயில் மூன்று: தோல்வி.
காரணம் என்ற கட்டத்தில்
பரிச்சயம் என்று எழுதினேன். அழித்தேன்.
நம்பிக்கை என்று எழுதினேன்.
அதையும் அழித்துச்
சோதிக்கப்படவில்லை என்றேன், அது போதும்.
காவலரின் பெயர் என்ற கட்டம்
நெடுநேரம் வெறுமையாய்க் கிடந்தது.
அறுநூறு விருந்தினர். ஒரு கதவு.
பிறகு எழுதினேன்,
எழுத்துப் பிழையில்லாமல்.

வியாழன் காலையும் அவர் அங்கேதான்.
வேலை போகவில்லை. நாடா இறுகக் கட்டியிருந்தது.
என் கண்ணைப் பார்க்கவில்லை.
குடையை விரிக்கச் சொன்னார்.
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து
புட்டைக் கரண்டிக் காம்பால் கிண்டிப் பார்த்தார்,
நான் எழுதிக் கொடுத்த விதிப்படி.
பின் பெண் காவலரைக் கூப்பிடத் திரும்பினார்.

அவள் வந்து சொல்ல முதலே
என் இரண்டு கைகளும்
தோளுயரத்துக்குப் போய் நின்றன,
பழகிய இடத்தில்.

பின்னால் மீன் வண்டிக்காரன்
ஹோர்ன் அடித்தான்.
"ஐஸ் உருகுது மிஸ்,
கெதியா."