அடிக்கோட்டில் வழுக்கை

செம்மண்ணில் பந்து
யோசித்துத்தான் எழும்பும்.
அந்த யோசனைக்குள் இத்ஸியார்
நாலடி சறுக்கி வந்து
மட்டையைச் சுழற்றிவிடுவாள்.

நாட்டிங்காம் புல்லுக்கு
யோசனையெல்லாம் கிடையாது.
கணுக்காலை உரசிக்கொண்டு ஓடுகிறது பந்து.
சறுக்கினாள்: முழங்காலில் பச்சைக் கறை.
முதல் செட், பத்தொன்பது நிமிடம்.

எதிரே க்வென்லியன், மழையூர்க்காரி,
பந்தை வெட்டி வெட்டித்
தரையோடு தைக்கிறாள்.

வெயில் வந்தது.
ஏழு நாள் மிதிபட்டு
அடிக்கோட்டருகே புல் தேய்ந்து
உள்ளங்கை அகலம் மண்.
குனிந்து தொட்டாள்.
நிறம்தான் வேறு.

அதில் விழுந்த ஒரு பந்து
தோளுயரம் எழுந்து
அவளுக்காக நின்றது.

அந்த செட்டை எடுத்தாள்.
அடுத்ததில் தோற்றாள்.
சாக்ஸை உதறியபோது கொட்டியது
எந்த ஊர்ப் புழுதியோ.