தோணியா மீனா

மட்டக்களப்பு வரிக் கந்தோரில்
மின்விசிறி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று தயங்குகிறது.
மேசையில் என் பெயர் எழுதிய கோப்பு:
திருமதி யோகராணி கிருபைராசா, களுவாஞ்சிகுடி.
தொழில்: உரக்கடைக் காசாளர்.
அதைத் திறக்காமலே இஸ்ஸதீன் சேர் சொன்னார்,
"ஒரு வருசத்தில நாப்பத்தொரு தரம் வித்திருக்கிறீங்க."

எண்ணிப் பார்த்ததில்லை நான்.
யூரியா மூட்டைக்கும் களைநாசினிப் போத்தலுக்கும் நடுவே
மிச்சக்காசு கொடுத்த கையால்
போனில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"வாங்கக்குள்ள மனசில என்ன இருந்தது?"

சட்டம் இதைக் கேட்கும் என்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
என்னைக் கட்டியவரே இப்படிக் கேட்டதில்லை.
மனதை எந்தக் கடையில் கொடுத்துப்
போட்டோக்கொப்பி எடுப்பது?

என் முழிப்பைப் பார்த்து அவரே இறங்கிவந்தார்:
"தோணிய வித்தா அது முதல்.
மீன வித்தா அது யாவாரம்.
நீங்க வித்தது தோணியா, மீனா?"

ஹோட்டல் பங்கு மீன்தான், ஒளிக்கவில்லை.
திங்கள் வாங்கி வியாழன் விற்க நினைத்தது.
புதன் விழுந்தது.
வியாழன் இன்னும் விழுந்தது.
ஏறட்டும் ஏறட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்ததில்
மூன்று வருசம்.
விற்கப்படாத மீனுக்கு வேறு வழி என்ன சேர்?
பலகை முளைத்து, ஆணி இறங்கி,
அது தோணியாகிப் போச்சு.

வங்கிப் பங்கு தோணி.
மகள் யதுஷா கம்பஸ் போகும் வருசம் விற்கவென்று
அவள் பெயரை மனதுக்குள் எழுதித்தான் வாங்கினேன்.
பதினோராம் நாள் டெங்கு.
பிளேட்லெட் இறங்க இறங்க
விலையைப் பார்க்காமல் விற்றேன்.
அதில்தான் லாபம் வந்தது.

அவர் எழுதினார்:
வைத்திருந்த காலம், பதினொரு நாள்.
டெங்குவுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

"மறுகா, வாங்கக் காசு?"
சங்கிலி அடகு, என்றேன்.
பேனா நின்றது.
கடன் காசில் வாங்கினால் அதில் யாவாரத்தின் வாடையாம்.
அடகுத் துண்டின் பிரதி வேண்டுமாம்.
கழுத்தைத் தடவிக்கொண்டேன்.
இரண்டு வருசமாய் அங்கே கிடப்பது
முந்நூறு ரூபாய்க் கண்ணாடி மணி.
அதற்கு வாங்கும்போது மனதில் என்ன இருந்ததென்று
என்னால் உடனே சொல்ல முடியும்.

தேத்தண்ணி வந்தது. ஒன்று எனக்கும்.
கோப்பைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்,
"எனக்கிட்டயும் ஒண்டு கிடக்கு.
வாங்கின விலையில பாதி."
"விக்கவா வாங்கினீங்க, சேர்?"

முத்திரைப் பெட்டியைத் திறந்தார்.
மூடினார்.
மின்விசிறி அந்தச் சுற்றைச் சுற்றவே இல்லை.

"புதன்கிழமை துண்டோட வாங்க," என்றார் மறுகா.

வெளியே ஒரு மணி நாற்பது.
பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது
கீழே ஒருவர் தோணிக்குள் குந்தி
தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.
தோணியில் மீன் இருந்ததா என்று
இங்கிருந்து தெரியவில்லை.

சந்தை மூட இன்னும் ஐம்பது நிமிசம்.
பாலம் முடியும் வரைக்காவது
போனைத் திறக்கவில்லை என்று
வாக்குமூலத்தில் எழுத ஆசைதான்.