குண்டு விழுந்த தூரம்

பார்க்க ஒன்றுமில்லாத இடங்களாகத் தேடிப் பார்த்து வருகிறவள்.
பெயர் மிர்யானா.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் இறங்கி
நேராக மஞ்சக்குப்பம் தாலுகா ஆபீசுக்கு வந்து
சர்வேயர் யார் என்று கேட்டாள்.
பட்டா மாறுதலுக்கு நின்ற பதினோரு பேரும்
அவளுக்கு வழிவிட்டார்கள்.
எனக்குத்தான் வழி தெரியவில்லை.

அவள் நோட்டில் இருந்தவை:
ஆறு மாதம் ஒரு தேசத்துக்கும்
ஆறு மாதம் அடுத்த தேசத்துக்கும் சொந்தமான
ஆற்றுத் தீவு. குடியிருக்க ஆள் கிடையாது.
தரையில் கறுப்புக் கோடு ஓடும் நூலகம்.
படிப்பவர் ஒரு நாட்டில், அலமாரி இன்னொன்றில்.
பிறகு, வாசற்கதவு எந்தப் பக்கமோ
அந்த நாட்டுக்கு வரி கட்டுகிற வீடுகள்.
நம் ஊராக இருந்தால்
ராத்திரியோடு ராத்திரியாகக் கதவை மாற்றியிருப்பார்கள் என்றேன்.
அங்கேயும் மாற்றினார்கள் என்றாள்.

அடுத்த பக்கத்தில், பென்சிலில், கடலூர்.

முந்நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும்,
கோட்டையை விற்றபோது
நிலம் அளக்கச் சங்கிலி வரவில்லை,
பீரங்கி வந்தது.
சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ
அதுவரை வாங்கியவனுக்கு.
"அந்தக் குண்டு இன்னும் ஊர்ப் பெயரில் இருக்கிறதாமே,
காட்டுங்கள்."

இருபத்திரண்டு வருஷமாகக்
குண்டு சாலையில் பைக்கில் போகிறேன்.
குண்டு உப்பலவாடியில் தென்னந்தோப்பைப் பிரித்து
அண்ணன் தம்பிக்கு நடுவே கல் நட்டு
அடி வாங்காமல் திரும்பியிருக்கிறேன்.
குண்டாக ஒருவர் இருந்திருப்பார்,
இல்லையென்றால் குண்டு மல்லி போட்டிருப்பார்கள்
என்று அவளிடம் சமாளித்தேன்.
நிஜத்தில் நினைத்ததே இல்லை.
பெயர் என்பது 'அ' பதிவேட்டில் ஒரு கட்டம்.

முதலில் கோட்டை.
தேவனாம்பட்டினத்தில், ஆற்றோரம்,
முள்ளுக்குள் கொஞ்சம் செங்கல்.
அதன்மேல் யாருடைய வலையோ காய்ந்தது.
ஒரு ஆடு
நுழைவுச்சீட்டு கேட்பதுபோல் எங்களைப் பார்த்தது.
ஒன்றுமில்லாததை இவ்வளவு பத்திரமாக
வைத்திருக்கிறீர்களே என்றாள்.
கேலியா, சந்தோஷமா,
என் இங்கிலீஷுக்கு எட்டவில்லை.

அப்புறம் குண்டு.
டீக்கடையில் கேட்டேன்:
இங்கே எங்கேயாவது குண்டு விழுந்ததா?
எவன் சொன்னான் என்று எழுந்தார் ஒருவர்.
போலீசுக்குப் போன் எடுத்தார் இன்னொருவர்.
பழைய குண்டு ஐயா, வெள்ளைக்காரன் குண்டு.
அதுவா, என்று உட்கார்ந்து
ஆறிய டீயை ஆற்றிக் குடித்தார்கள்.

மணி ஐந்து. பள்ளிக்கூட மைதானம்.
தாடைக்கும் தோளுக்கும் நடுவே
இரும்புக் குண்டைப் பூனைக்குட்டிபோல் இடுக்கி
ஒற்றைக் காலில் நின்றாள் யோகஸ்ரீ, ஒன்பதாம் வகுப்பு.
திரும்பினாள். எறிந்தாள்.
மண்ணில் பொத்தென்று ஒரு பள்ளம்.
மிர்யானா ஓடிப்போய்ப் பள்ளத்தருகே உட்கார்ந்தாள்,
அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்தவள்போல.

"டேப் அறுந்துபோச்சு சார்.
பி.டி. சார் லீவு. காலடியாலதான் அளக்கிறோம்."
என் பையில் இருந்தது, அரசாங்க டேப்.
வெளிநாட்டுக்காரி ஒரு முனை, நான் ஒரு முனை.
எட்டு மீட்டர் நாற்பத்தொன்று.
அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்,
தீவுக்கும் நூலகத்துக்கும் கீழே.

இதுவரைக்கும் உன்னுது என்று
விளையாட்டாகச் சொல்ல வாயெடுத்தேன்.
"உங்களைத் தெரியும் சார்" என்றாள் அந்தப் பெண்.
"வாய்க்காலோரம் எங்க வீட்டுச் சுவத்துல
சிவப்புப் பெயின்ட்ல நம்பர் போட்டீங்க."

போட்டேன்.
புறம்போக்கு, நாற்பத்தேழு வீடுகள்.
இருபதோ இருபத்தொன்றோ அவளுடையது.
தூரம் சரியாகத்தான் அளந்திருந்தேன்.

என்ன சொல்கிறாள் என்று மிர்யானா கேட்டாள்.
இன்னொரு தடவை எறியப்போகிறாளாம் என்றேன்.

யோகஸ்ரீ குண்டைப் பாவாடையில் துடைத்து
வட்டத்துக்குள் போனாள்.
டேப்பின் பூஜ்யத்தை மிதித்துக்கொண்டு
நான் நின்றேன்.