உப்புத்தாள்

எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது என்று
முதுகில் எண் போட்டு வருகிற தாள்.
கடையில் உப்புத்தாள் என்கிறார்கள்.
பெரியபட்டினத்தில் எந்தத் தாள்தான் உப்புத்தாள் இல்லை?
ரேஷன் அட்டை, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை,
எல்லாம் ஆடியில் நமுத்துக் கிடக்கும்.
நக்கினால் கரிக்கும்.

சீமைக் கருவேலில் செதுக்கிய துடுப்பு பன்னிரண்டு.
ஊரே திட்டித் திட்டி மூட்டம் போட்டுக்
கரியாக்கும் மரம்.
அறுத்தால் உள்ளே ஈரல் நிறம்.
கீழக்கரை மைமூன் லாத்தாவுக்கு, தொதல் கிண்ட.
பளபளப்பாக இருக்கட்டுமே என்று
வத்தைக்கு வாங்கியதில் மீந்த வார்னிஷை
இரண்டு கோட்டிங் இழுத்துவிட்டேன்.
முகம் பார்க்கலாம் போலிருந்தது.
பார்த்தேன்.
திருப்தியான முகம்.

நான்காம் நாள் போன்.
லாத்தா கத்தவில்லை, கணக்குச் சொன்னார்:
"பத்துக் கிலோ கருப்பட்டி.
முப்பது தேங்காய்ப் பால்.
நாலு மணி நேரம் ரெண்டு பேரோட தோள்பட்டை.
வாயில வச்சா உங்க வத்தை மணக்குது தம்பி."

ஒரு துடுப்பு மட்டும் பஸ்ஸில் வந்து சேர்ந்தது,
கண்டக்டர் கையில், சாட்சிக்கு.
வார்னிஷ் உரிந்த இடமெல்லாம்
மரத்துக்கு மயிர் முளைத்திருந்தது.
மழையில் நனைந்த நாயின் முதுகு.

தண்ணீர் காட்டாமல் விட்டது என் பிழை.
இழைத்த அன்று எந்த மரமும் வழவழப்புதான்,
பெண் பார்க்கப் போன வீட்டில்
மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் போல.
நனைக்க வேண்டும்.
படுத்துக் கிடந்த நாரெல்லாம் எழுந்து நிற்கும்.
காய்ந்ததும், எழுந்ததை மட்டும் தேய்க்க வேண்டும்;
கை அழுத்தினால் அடியில் தூங்குவதும் விழித்துக்கொள்ளும்.
திரும்ப நனை. திரும்ப எழும், முன்னைவிடக் குறைவாக.
மூன்றாவது நனைப்பில்
அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.
வாய் நீண்ட மரத்துக்கு நான்கு.

குழாயில் வருவது உவர்நீர்.
லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
அதில் ஒரு செம்பு துடுப்புக்கு என்று சொன்னபோது
சலேத் என்னைப் பார்த்த பார்வையை
எந்த எண் தாளாலும் தேய்க்க முடியாது.

தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.
ராமநாதபுரம் நாட்டு மருந்துக் கடையில்
ஆளிவிதை எண்ணெய் கால் லிட்டர்.
தடவுவதைவிடத் துடைப்பதுதான் வேலை.
துணியில் ஒன்றும் ஒட்டாத வரை துடைத்து,
பத்து நாள் சும்மா இருக்க வேண்டும்.
அந்தச் சும்மா எனக்கு வரவில்லை.

அதுவும் கச்சான் வீசுகிற மாதம்.
வெளியே வைத்தால் எண்ணெயில் மணல் ஒட்டித்
துடுப்பே உப்புத்தாள் ஆகிவிடும்.
கவிழ்த்துப் போட்ட வத்தைக்கு அடியில் ஊர்ந்து போய்,
செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
புதிய பன்னிரண்டையும் தங்கூசியில் கட்டித் தொங்கவிட்டேன்.
ஒரு பூனை வந்தது. கருவாடு என்று நினைத்திருக்கும்.
கீழிருந்து ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு
என்னையும் ஒரு பார்வை பார்த்துப் போனது.

மைமூன் லாத்தா விரலால் தடவவில்லை.
துப்பட்டியின் ஓரத்தை எடுத்து
ஒவ்வொரு துடுப்பின் மேலும் இழுத்தார்,
தலையிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து காம்பு.
நூல் சிக்குகிறதா என்று நானும் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.
ஒன்பதாவதின் கழுத்தில் சிக்கியது.
ஒன்றும் சொல்லாமல் அதை என் பக்கம் தள்ளினார்.
இப்போது எங்கள் வீட்டில் கேப்பைக்கூழ் கிண்டுவது அதுதான்.

வார்னிஷ் துடுப்புகளை
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போனார்கள்.
ஆண்டு விழாவில் பன்னிரண்டு வாள்கள்.
விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே மின்னின.

கருப்பட்டி, தேங்காய், தோள்பட்டை எல்லாம் கழித்துக்கொண்டு
லாத்தா கையில் கொடுத்தது அறுநூற்றி நாற்பது.
கூடவே ஒரு பொட்டலம், இன்னும் சூடாக,
நெய் கசிந்த தாளில்.

பஸ்ஸில் ஜன்னலோரம் பிரித்தேன்.
தின்பதற்கு முன்
மோந்து பார்த்தேன்.