பயிற்சியாளர் எண் 259

ஜெர்மனியில் நள்ளிரவு ஆகும்போது
கடலூர் முதுநகரில் மூன்றரை.
மலிவுச் சீட்டுகளை அப்போதுதான் திறப்பார்கள்
என்று இன்பவல்லி சொல்லியிருந்தாள்.
எனக்கொன்றும் சிரமமில்லை.
ஐஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட்.
விசைப்படகுக்காரர்கள் பார் பாராக ஏற்றிக்கொண்டு
போய்விட்டிருப்பார்கள் அந்நேரத்துக்கு.
மிச்சம், அம்மோனியா வாடையும் நானும்.

லைப்சிக்கிலிருந்து பிராக்.
நடுவில் ஒரு தடவை மாற வேண்டும்.
பதினான்கு மாதத்தில் முதல்முறையாக
முதியோர் வார்டு இல்லாத இரண்டு நாள் அவளுக்கு.

தமிழில் காட்டு என்றேன் போனிடம்.
காட்டியது:
'உங்கள் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கவும்.'
டிரெயினைத்தான் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது.
கோச்சைப் பயிற்சியாளர் என்றது.
பயிற்சியாளர் எண் 259, இருக்கை 46, சன்னல்.
பத்தாவதில் ஆங்கிலத்தில் நான் முப்பத்தாறு.
என்னைவிட மோசமாகப் படித்த ஒன்றிடம்
பணத்தைக் கொடுக்கப்போகிறேன்.

குடும்பப்பெயர் கட்டாயம் என்றது, சிவப்பில்.
இனிஷியலைப் போட்டேன்.
ஒற்றை எழுத்து செல்லாதாம்.
அந்தக் கானாவை முழுசாக விரித்தேன்.
இப்படியாக,
நெல்லிக்குப்பம் ஆலையில் கரும்பு வண்டி எடை போட்ட,
பண்ருட்டி தாண்டினாலே தலைசுற்றுகிற என் மாமனார்
திருமதி கலியமூர்த்தியாகி
நாட்டு எல்லையைக் கடக்கத் தயாரானார்.

பத்தொன்பது யூரோ தொண்ணூறு.
அடுத்த கட்டத்தில் முப்பத்தொன்பது:
தேதி மாற்றலாம், ரத்து செய்தால் பணம் திரும்பும்.
இரண்டுக்கும் நடுவே விரல் நின்றது.
வித்தியாசம் ஆயிரத்தெண்ணூறு சொச்சம்,
பையனுடைய வேன் ஃபீஸ்.
மலிவானதைத் தொட்டேன்.

ஓ.டி.பி. ஐஸ் அறைக்குள் வராது.
உப்பனாற்றங்கரை வரைக்கும் ஓடினேன்.
மூலையில் நேரம் இறங்கிக்கொண்டே வந்தது
நான்கு நாற்பது
மூன்று ஐம்பத்தெட்டு
வலை உதறிக்கொண்டிருந்த ஒருத்தர்
"யாருக்கு என்ன ஆச்சு?" என்று எழுந்துவிட்டார்.
"டிக்கெட்" என்றேன்.
"தட்கலா?"
"ஆமா."
"கெடைக்காது" என்று உட்கார்ந்துகொண்டார்.
கிடைத்தது.

போன வியாழன் பேசினாள்.
கூட வேலை பார்க்கும் போலந்துக்காரிக்குக் காய்ச்சல்,
சனி ஞாயிறு இவள்தான் நிற்க வேண்டும்.
"பணம் போச்சுல்ல."
"போனா போவுது."
போன பணத்தைப் பற்றியே
வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்,
அது ஒன்றுதான் போனது என்பதுபோல.

சனிக்கிழமை மதியம் தூக்கம் வரவில்லை.
ரயில் எங்கே ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தை
எதற்குத் திறந்தேனோ.
ஒரு நீலப்புள்ளி.
டிரெஸ்டனில் ஆறு நிமிடத் தாமதம்.
பிறகு ஓர் ஆறு கூடவே வந்தது
பள்ளிக்கூடத்துக்கு வரும் நாய் மாதிரி
விடாமல், வளைந்து வளைந்து.
எந்தப் பக்கத்துச் சன்னலுக்கு அது தெரியும் என்று
நான் வாங்கும்போது பார்க்கவில்லை.
ஆறு பக்கம்தான் என்று வைத்துக்கொண்டேன்.
கொஞ்ச தூரத்தில்
எழுத்துகளின் தலையில் கொக்கி முளைத்த ஊர்கள் வந்தன.
வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்,
சரியாகச் சொல்கிறேனா என்று கேட்க யாருமில்லை.

பையன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
"அம்மாவா போறாங்க?"
"இல்ல, உங்க தாத்தா."
அவன் நம்பவில்லை. ஆனாலும் நகரவில்லை.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்
46 காலியாகப் போவதை.
நடுவில் ஏறிய யாராவது
உட்கார்ந்திருந்தாலும் சரிதான்.

புள்ளி நின்றது.
உடனே ஒரு மெயில்.
'அன்புள்ள திருமதி கலியமூர்த்தி,
உங்கள் பயிற்சி நிறைவடைந்தது.
பயிற்சியாளர் 259 எப்படி இருந்தார்?'
கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

நான்கு போட்டேன்.
ஆறு நிமிடத்துக்காக ஒன்றைக் கழித்துவிட்டு.