வெள்ளவத்தையில் ஒரு தபால் வாக்கு

குரோய்டனில் இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டினேன்.
பென்ஷனும் முழங்கால் நோவுமாய்த் திரும்பி
மரைன் டிரைவில் நாலாம் மாடி.
இங்கேயே வந்துசேர்ந்தது சீட்டு:
ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா?

மகள் போனில் கத்தினாள்,
"அப்பா, அவங்களுக்கு எங்களையும்தான் பிடிக்காது."
தெரியும் பிள்ளை.
ஆனால் தங்கச்சி புனிதமலருக்கு
மூன்று தரம் விசா மறுத்தார்கள்.
அம்மாவின் செத்தவீட்டை
வீடியோவில் பார்த்து அழுதாள்.
அதே கிழமை எங்கள் டிப்போவுக்குக்
கிராக்கோவிலிருந்து ஒருவன்
தோள்பையோடு வந்து வேலைக்குச் சேர்ந்தான்.
நல்லவன். என் சோற்றுப்பெட்டியில் கைவைக்கிற அளவுக்குச் சிநேகிதன்.
கோபம் அவனிலில்லை,
கதவிலே.

கீழே ரயில் போகிறது. கண்ணாடி அதிர்கிறது.

மகளுக்குச் சொல்லாத ஒன்றும் உண்டு.
'பிரிவு' என்ற சொல்லை
இந்த ஊரில்
வாய்க்குள்ளேயே கரைத்து விழுங்கினவன் நான்.
காலி வீதிச் சாவடியில்
அடையாள அட்டை நீட்டுகையில்
நாக்கில் அது ஒட்டியிருக்குமோ என்று பயந்தவன்.
அதையே ஒரு அரசாங்கம்
அச்சடித்து, பக்கத்தில் பெட்டி கீறி,
திருப்பியனுப்ப உறையும் வைத்து
விருப்பம் கேட்கிறது.

சரியோ பிழையோ,
கை நடுங்காமல் புள்ளடி போட்டேன்.

ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான்.